ஓடாத வண்டிக்கு என்ன விலை?

இரண்டு மாதங்களுக்கு முன்பு இதே பக்கத்தில், வேறு ஏதோ விஷயத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தபோது, "பழைய காரை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு, அது மக்கிப்போன பிறகு லட்சக் கணக்கில் விலை சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். அந்தக் கட்டுரையில் நான் சிரமப்பட்டுச் சொன்ன மற்ற விஷயங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பதினேழு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர், எனக்கு இருதயம் என்று ஒன்று உண்டா என்று கேட்கிறார். கோயம்புத்தூர் அன்பர் ஒருவர், பாரிஸில் நடந்த ஏலச் செய்தி ஒன்றைக் கத்தரித்து அனுப்பி, "இதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று சவால் விட்டிருக்கிறார். மாரிஸ் மைனர் ஒன்றை ஷெட்டில் வைத்திருக்கும் காரைக்குடிப் பெரியவர், "உமக்கு அது இரும்பு, எங்களுக்கு அது அப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த ஒரு வரிதான் என்னை மறுபடியும் எழுத வைத்தது. ஏனென்றால், "அது அப்பா" என்ற பேச்சை நான் இதற்கு முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கேட்ட இடம் சென்னைக் கோட்டூர்புரம். சொன்னவர், கூடப்பிறந்த தங்கையிடமிருந்து நாலு லட்சம் ரூபாயைக் கழித்துக்கொள்வதற்காக அதைச் சொன்னார்.

அந்தத் தங்கை என் மனைவியின் சிநேகிதி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தகப்பனார் 1969-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு வண்டி. தகப்பனார் காலமான பிறகு வண்டி ஷெட்டுக்குப் போயிற்று. தாயாரும் போன பின் வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்று அண்ணனும் தங்கையும் பேசினார்கள். வீடு, நகை, பாங்கிப் பணம் எதிலும் தகராறு இல்லை. புனாவிலிருந்து அண்ணன் எழுதி அனுப்பிய ஜாபிதாவில் கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: "கிளாசிக் கார், எட்டு லட்சம்." அதற்குக் கீழே குறிப்பு வேறு. வண்டி தங்கையிடமே இருக்கட்டும், அப்பாவைக் கடைசி வரையில் பார்த்துக்கொண்டவள் அவள்தானே, தன் பாதியை வீட்டுக் கணக்கில் கழித்துக்கொண்டால் போதும் என்று! இதைவிடப் பாசமாக ஒருவர் பணம் கேட்க முடியுமா?

"அண்ணா சொல்றது சரின்னா கொடுத்துடறேன் சார். சரியா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மாள். அபிப்பிராயம் சொல்ல என்னைக் கூப்பிட்டதற்கு என் யோக்கியதை என்ன தெரியுமா? என் நாவல் ஒன்றில் கதாநாயகன் ஹெரால்டு ஓட்டுகிறான்! காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன் நான். யந்திர சாஸ்திரம் படித்தவன் அல்ல. ஆகவே, அந்த நாவலை எழுதியபோது எனக்கு வண்டிப் பாடம் சொல்லிக்கொடுத்த புதுப்பேட்டை மெக்கானிக் பாயையும் அழைத்துக்கொண்டு போனேன். பதினாலு வயசில் ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர் அவர். ஹெரால்டுகள் தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

பாய் ஷெட்டுக்குள் போகவேயில்லை. வாசலில் நின்றுகொண்டு, "புக் இருக்குதாம்மா?" என்று கேட்டார். ஆர்.சி. புத்தகம் இருந்தது. அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் பாய் உள்ளே போனார். சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டார். என்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; குனிந்து வண்டியின் வயிற்றுக்குக் கீழே தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் "டங்" என்றது. சில இடத்தில் "பொத்" என்றது. "பொத்" என்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அமுக்கினார். பிஸ்கட்டைக் குத்தினாற்போல் உள்ளே போயிற்று.

இங்கே ஹெரால்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். இது 1959-ல் இங்கிலாந்தில் 'ட்ரையம்ப்' என்ற பெயரில் வெளிவந்த வண்டி. உருவம் வரைந்து கொடுத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்திலேயே பெரும்பாலான சின்னக் கார்களுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியும் அடித்தளமும் ஒரே கூடாக வந்துகொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழுப் பாடி செய்ய ஆள் இல்லை. ஆகவே துண்டு துண்டாகச் செய்து, பழைய முறையில் ஒரு சேஸிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையைக்கூடக் கழற்றிவிடலாம். முன்பக்கம் மட்கார்டும் பானெட்டுமாக ஒரே மூடியாக முன்னால் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் இதே வண்டியை 948 சி.சி. என்ஜினோடு செய்தார்கள். பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காமல் போய், அடுத்து வந்த கெஸலில் அதை எடுத்துவிட்டது தனிக் கதை.

துண்டு துண்டாகக் கழற்றலாம் என்ற இந்தச் சௌகரியம்தான் வண்டிக்கு எமனாக வந்தது. 2012-ல் அண்ணன் ஒரு மாத லீவில் வந்திருந்தபோது, "அப்பா வண்டியைப் புதுசாக்கப் போகிறேன்" என்று கிளம்பினார். கழற்றுவது எத்தனை சந்தோஷமான காரியம்! நாலு நாளில் பம்பர், விளக்கு, சீட்டு, டாஷ் போர்டு, கண்ணாடி, வயர் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஒன்றிலும் சீட்டு எழுதிக் கட்டவில்லை. ஆணியும் போல்ட்டும் பிஸ்கட் டின்களிலே. மற்றவை கோணிச் சாக்குகளிலே. இருபத்தெட்டாவது நாள் லீவு தீர்ந்தது. மனுஷர் விமானம் ஏறிவிட்டார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஊருக்குள் வந்தபோது, சாக்குகளெல்லாம் மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறின. தண்ணீர் வடிந்த மறுநாளே கழுவித் துடைத்து எண்ணெய் தடவியிருந்தால் பாதி பிழைத்திருக்கும் என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாள் அப்போது வீட்டுக்குள் இடுப்பளவு சேற்றை வாரிக்கொண்டிருந்தார். போல்ட்டுக்கு எண்ணெய் தடவ யாருக்கு நேரம்?

பாய் சாக்குகளைக் கொட்டிப் பார்த்தார். "என்ஜின் இருக்குது, கியர் பாக்ஸ் இருக்குது, அதெல்லாம் விடு சார். பின் கதவுக் கண்ணாடி எங்கே?" என்றார். ஒன்று இருந்தது, மற்றொன்று இல்லை. பின் கதவு இரண்டும் அடிப்பக்கம் அரித்துவிட்டிருந்தன. "இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் போயிற்று, இன்டர்நெட்டில் ஹெரால்டுக்கு எல்லா ஸ்பேரும் கிடைக்கிறது" என்றார் அண்ணன். பாய் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. இங்கிலாந்துக்காரன் நாலு கதவு ஹெரால்டு செய்ததே கிடையாது! அது சென்னையிலே நாம் செய்துகொண்டது. என்ஜின் சாமான் சீமையிலிருந்து வரும். பின் கதவு வராது. எட்டு லட்சம் என்று விலை எழுதியவருக்குத் தம்முடைய தகப்பனார் வண்டிக்கு எத்தனை கதவு என்பதன் அர்த்தமே தெரிந்திருக்கவில்லை.

பிறகு கணக்கு. பாய் சொல்லச் சொல்ல அந்த அம்மாள், வாத்தியாரல்லவா, பென்சிலால் எழுதிக்கொண்டார். பாடிக்கு டிங்கர் வேலையும் பெயிண்டும் இரண்டரை லட்சம். சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளை வெட்டிப் புதிதாக வைத்துப் பற்ற வைக்க அறுபதாயிரம். என்ஜின், கியர் பாக்ஸ் ஒரு லட்சம். வயரிங், பிரேக், சீட்டு எல்லாம் சேர்த்து இன்னொரு லட்சம். முலாம் பூச ஐம்பதாயிரம். ஐந்து லட்சத்து அறுபதாயிரம் ஆயிற்று. கதவும் கண்ணாடியும் இதிலே சேரவில்லை. சரி, எல்லாம் முடிந்து பளபளவென்று நிற்கிற ஹெரால்டு என்ன விலைக்குப் போகும்? முந்தின வருஷம் பாயே ஒன்றை விற்றுக் கொடுத்திருக்கிறார், நாலரை லட்சம். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் பார்த்துக்கொள்ளலாம். ஷெட்டில் கிடந்த பொருளின் விலை, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் நஷ்டம்!

அப்போதுதான் அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னார். "எல்லாத்தையும் பணமாகவே பார்க்கிறீர்கள் சார். அது அப்பா."

நான் சொன்னேன்: "அப்பா என்றால் விலை போடாதீர்கள். விலை போட்டால் அப்பா என்று சொல்லாதீர்கள்." இதைச் சொன்னதற்காக அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அந்த வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்து, இந்தத் தங்கைக்குத்தான் தகப்பனார் அடையாறுப் பாலத்தின் மேல் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாராம். அந்த ஞாபகத்துக்கு அவர் எந்த ஜாபிதாவிலும் தொகை எழுதவில்லை.

இப்போது கோயம்புத்தூர் அன்பரின் கத்தரிப்புக்கு வருகிறேன். செய்தி வாஸ்தவம்தான். 2015 பிப்ரவரியில் பாரிஸில், ஒரு பிரெஞ்சுக் குடும்பம் பல வருஷம் கொட்டகைகளில் போட்டு வைத்திருந்த 59 வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. பழைய பத்திரிகைக் கட்டுகளின் அடியில் கிடந்த 1961-ஆம் வருஷத்து ஃபெராரி ஒன்று, ஒரு காலத்தில் நடிகர் அலென் டெலானிடம் இருந்தது, ஒரு கோடியே அறுபத்து மூன்று லட்சம் யூரோவுக்குப் போயிற்று. இன்னொன்றையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். 2023-ல் கலிஃபோர்னியாவில் மான்டரே ஏலத்தில், எரிந்து நசுங்கி, கார் என்று சொல்லவே கூசும் ஒரு 1954 ஃபெராரி பதினெட்டு லட்சத்து எழுபத்தையாயிரம் டாலருக்கு விற்றது. இதையெல்லாம் படித்துவிட்டு, மாட்டுக் கொட்டகையில் கோழி முட்டையிடுகிற அம்பாசடருக்கும் அதே சாஸ்திரம் செல்லும் என்று நம் ஆட்கள் முடிவு கட்டுகிறார்கள்.

மக்கியதனால் அந்த வண்டிகளுக்கு விலை வரவில்லை, ஐயா! மக்கியும் விலை குறையாத அளவுக்கு அவை அபூர்வம். அந்தக் கட்டை சேஸிஸ் கலிஃபோர்னியா ஸ்பைடர் உலகத்திலேயே ஐம்பத்துச் சொச்சம்தான் செய்யப்பட்டது. ஹெரால்டும் அம்பாசடரும் ஆயிரக்கணக்கில் பிறந்தவை. 2014 வரையில் அம்பாசடர் புதிதாகவே வந்துகொண்டிருந்தது. அந்த பாரிஸ் வண்டியில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. ஏலக்காரர்கள் அதன்மேல் படிந்த புழுதியைக்கூடத் துடைக்காமல் காட்சிக்கு வைத்தார்கள். ஏன்? எவனும் கை வைக்கவில்லை என்பதற்கு அந்தப் புழுதிதான் சாட்சி. எந்த ஆணி எங்கே இருந்தது, முதல் பெயிண்ட் என்ன நிறம் என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. பழைய வண்டிகளுக்கான உலக சம்மேளனத்தார் ஏற்றுக்கொண்டிருக்கிற டூரின் சாசனமும், உள்ளதைக் காப்பாற்றுவதற்குத்தான் முதலிடம் கொடுக்கிறது, புதுப்பிப்பதற்கு அல்ல. நம் ஊரில் மட்டும் இது தலைகீழ். பழைய வண்டி என்றால் உடனே கழற்றி எறிந்து, பட்டி அப்பி, சிவப்பு பெயிண்ட் அடித்துக் கல்யாண ஊர்வலத்துக்கு விட வேண்டும்!

அதனால்தான் சொல்லுகிறேன்: பாதியில் நிற்கிற வேலை, தொடாமல் விட்ட வண்டியைவிடக் கேவலம். கோட்டூர்புரத்து வண்டியை 2012-ல் அண்ணன் தொடாமல் பாயிடம் காட்டியிருந்தால் ஒன்றரை லட்சம் கொடுத்திருப்பேன் என்று அவர் எங்கள் எதிரிலேயே சொன்னார். தொட்டதனால் வந்த நஷ்டத்தை அண்ணன் பங்கில் கழிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அந்த அம்மாள், "வேண்டாம் சார்" என்று என்னைத் தடுத்துவிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

'கிளாசிக்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிற தரகர்கள் வேறு இருக்கிறார்கள். "முதலீடு சார், வருஷா வருஷம் ஏறும்" என்பார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் போட்ட விதிகளை அவர்கள் முழுக்கச் சொல்லுவதில்லை. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிய இருபதாயிரம், ஏற்கெனவே பதிவானதை மறுபடி பதிய ஐயாயிரம். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். கேட்க அழகாக இருக்கிறது. சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக்கூடாது என்பது அதே விதி. அந்தப் பலகையோடு தினம் ரோட்டில் ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் எடுக்கலாம் என்பதும் அதே விதிதான். காய்கறி வாங்கக்கூடக் கொண்டுபோக முடியாத 'முதலீடு'!

அப்படியானால் எல்லாவற்றையும் காயலான் கடைக்கு அனுப்பிவிடச் சொல்லுகிறேனா? இதைத்தான் பதினேழு கடிதங்களில் பத்தாவது கேட்கிறது. இல்லை. பாய் அன்றைக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். வண்டிக்கு நாற்பதாயிரம் தருகிறேன் என்றார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. "ஒரு லட்சத்துக்கு மேலே நஷ்டம் என்று இப்போதுதானே கணக்குப் போட்டீர்கள்?" என்றேன்.

"அது உங்க கணக்கு சார்" என்றார் பாய். "நீங்க கூலி கொடுத்துச் செஞ்சா அவ்வளவு ஆவும். எனக்கு டிங்கர் வேலைக்கு என் மருமவன் இருக்கான். என் ஷெட்டிலே நாலு கதவு ஹெரால்டு பாடி ஒண்ணு பத்து வருஷமா நிக்குது. கதவு நாலும் கல்லு மாதிரி இருக்கு, கண்ணாடியும் இருக்கு. ஆனா புக் இல்லே, என்ஜின் இல்லே. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இந்த வண்டிக்குப் புக் இருக்கு. இல்லேன்னா பதினஞ்சுகூடக் கொடுக்க மாட்டேன்."

இதைக் கேட்டபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. ஓடாத வண்டிக்கு வண்டிக்குள்ளே விலை கிடையாது. அண்ணன் கையில் அது வெறும் பேச்சு. அந்த அம்மாள் கையில் பாரம். என் கையில் கட்டுரை. பாய் கையில்தான் நாற்பதாயிரம். அவருடைய ஷெட்டும், மருமகனும், கதவுகளும், ஐம்பது வருஷத்துக் கைப்பழக்கமும் சேர்ந்துதான் அந்த நாற்பதாயிரம். வண்டியை ஷெட்டில் பூட்டி வைக்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தளத்தகடு கொஞ்சம் போகிறது. அதைவிட வேகமாக இப்படிப்பட்ட கைகள் போய்க்கொண்டிருக்கின்றன. பாயின் வயசில் ஹெரால்டு தெரிந்தவர்கள் புதுப்பேட்டையில் இன்னும் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? அவருடைய மருமகனுக்குப் பிறகு அந்தப் பட்டறையில் யார் நிற்பார்கள்? "ஒரு நாள் செய்வேன், ஒரு நாள் செய்வேன்" என்று பூட்டி வைக்கிற பக்தர்கள் இதை யோசித்தது உண்டா? பூட்டித் திறப்பதற்குள் வண்டி மட்டும் இருக்கும். அதைத் தொடத் தெரிந்தவன் இருக்கமாட்டான்.

ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றில் வைப்பது பாவம் என்கிறார் ஒரு மதுரை வாசகர். புக் இல்லாத அந்த அநாதை பாடியின் கதவுகள் அதே ஜாதி வண்டியில் ஏறிச் சாலைக்கு வருவதில் என்ன பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. ஷெட்டுக்குள் இரண்டும் தனித்தனியாக மண்ணாவதுதான் புண்ணியமா?

நாற்பதாயிரத்தில் பாதியை, இருபதாயிரம் ரூபாயை, அந்த அம்மாள் அண்ணனுக்கு அன்றே அனுப்பிவிட்டார். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: கியர் கம்பியின் தலையிலிருக்கிற கறுப்புக் குமிழ். பாய் அதைத் திருகி எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். அது இல்லாமல் அவருக்கு ஒரு குமிழ் தேட வேண்டியிருக்கும், ஜி.பி. ரோட்டில் கிடைக்கும் என்றார்.

காரைக்குடிப் பெரியவருக்கு: உங்கள் மாரிஸ் மைனரைத் தயவுசெய்து நீங்களே கழற்ற ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். மழை ஆரம்பிப்பதற்கு முன் நாலு சக்கரத்துக்கும் அடியில் கட்டை வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். மேலே போட்டிருக்கும் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். அதுதான் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. வண்டி தெரிந்த ஆள் உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால், அவர் சுத்தியலால் தட்டும்போது நீங்களும் கூடவே குனிந்து கேளுங்கள்.